காப்பு செல்லைத் தனியாக வரையாதீர்கள்

கேள்வி இதுதான்: "இருவிதையிலைத் தாவரங்களில் காப்பு செல்கள் அவரை விதை வடிவம், ஒருவிதையிலைத் தாவரங்களில் டம்பெல் வடிவம் என்று படித்திருக்கிறோம். மாஸ், பெரணி, பைன் போன்றவற்றில் அவை எப்படி இருக்கும்? வேறுபாடு வடிவத்தோடு நின்றுவிடுகிறதா, வேலையிலும் உண்டா?"

வேலையிலும் உண்டு. சொல்லப்போனால், காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளையைச் சூழ்ந்து நின்று அதைத் திறந்து மூடும் இந்தச் செல்களில் வடிவத்தைவிட வேலையில்தான் வேறுபாடு அதிகம். அதற்குள் போகுமுன் ஒரு திருத்தம். டம்பெல் வடிவம் எல்லா ஒருவிதையிலைத் தாவரங்களுக்கும் உரியதன்று. அது புற்களுக்கும் கோரைகளுக்கும் அவற்றின் நெருங்கிய உறவுகள் சிலவற்றுக்கும் மட்டுமே உரியது. வெங்காயத் தாளை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் அவரை விதை வடிவம்தான் தெரியும். லில்லியிலும் அப்படியே. "ஒருவிதையிலை என்றால் டம்பெல்" என்று மனப்பாடம் செய்துவிட்டு, வெங்காயத் தோலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இலைத்தோல் உரித்துக் காட்டுவதிலேயே என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். காப்பு செல்லை மட்டும் வரைந்தால் பாதிப் படம்தான் வரைந்திருக்கிறோம். அதன் பக்கத்தில் இருக்கும் செல் எப்படிப்பட்டது, அது காப்பு செல்லை எதிர்த்துத் தள்ளுகிறதா, விட்டுக்கொடுக்கிறதா, மேலே கூரை போல் கவிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாவரக் கூட்டங்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் துளை திறக்கும் விதம். நீளமான பலூன்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்க்குப் பட்டை போடுவதுபோல ஒவ்வொன்றையும் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு செலோடேப் வளையங்கள் ஒட்டுங்கள். இரண்டின் முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு ஊதுங்கள். வளையங்கள் தடுப்பதால் பலூன் பருக்க முடியாது, நீளத்தான் பார்க்கும். முனைகள் கட்டுண்டிருப்பதால் நேராக நீளவும் வழியில்லை. ஆகவே இரண்டும் வில்லாக வளைந்து நடுவில் ஓர் இடைவெளியைத் திறக்கும். காப்பு செல்லில் இந்த செலோடேப்பின் வேலையைச் செய்பவை செல் சுவரிலுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள். துளையை மையமாக வைத்து விசிறியின் மடிப்புகள் போல அவை விரிந்திருக்கும். "துளைப்பக்கச் சுவர் தடித்திருப்பதால் செல் வளைகிறது" என்று காலங்காலமாக எழுதிவந்திருக்கிறோம். தடிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு இழைகளின் அமைப்புக்குத்தான் என்பதை 1973-இல் அய்லர், பார்லாஞ், கிரிகோரியன் ஆகிய மூவர், பலூன் மாதிரிகளையே கொண்டு காட்டினார்கள்.

ஊதும் காற்றுக்கு பதில் இங்கே நீர். காப்பு செல் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. பொட்டாசியம் அயனிகள் உள்ளே வருகின்றன. குளோரைடும் மாலேட்டும் மின்னூட்டத்தைச் சமன் செய்கின்றன. உப்பைத் தேடி நீர் உள்ளே புகுகிறது. முழுதாகத் திறந்த காப்பு செல்லுக்குள் இருக்கும் விறைப்பழுத்தம் சில தாவரங்களில் ஏறத்தாழ 40 வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு வளிமண்டல அழுத்தம்தான். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத செல்லுக்குள் இவ்வளவு அழுத்தம் எதற்கு? அண்டை செல்களும் நீர் நிரம்பி விறைத்து நிற்கின்றனவே, அவற்றைத் தள்ளி விலக்கத்தான். இந்தத் தள்ளுமுள்ளை ஒவ்வொரு கூட்டமும் தன் வழியில் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

நிலத் தாவரங்களின் அடியிலிருந்து தொடங்குவோம். ஈரச் சுவரில் படரும் மார்கான்ஷியா போன்ற ஈரல் வடிவத் தாவரங்களில் காப்பு செல்களே கிடையாது. தட்டையான பச்சை உடலின் மேற்பரப்பில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி இருக்கும். அது காற்றுத்துளை. வளையம் மேல் வளையமாகச் செல்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு போன்ற அமைப்பு அது. இதை இலைத்துளை என்று எழுதினால் தவறு. இலைத்துளைகள் வித்தகத் தாவரத்தில், அதாவது வித்துகளை உண்டாக்கும் தலைமுறையில் வருபவை. இந்தக் காற்றுத்துளையோ கேமீட்டகத் தாவரத்தில், அதாவது பாலணுக்களை உண்டாக்கும் தலைமுறையில் இருக்கிறது. தோற்றத்திலும் வளர்ச்சியிலும் இரண்டுக்கும் உறவில்லை. ஈரல் வடிவத் தாவரங்களின் மூதாதைக்கு இலைத்துளை இருந்தது, பிற்பாடு அது மறைந்தது என்ற கருத்துக்கே இன்றைய மரபணு ஒப்பீடுகள் வலுச் சேர்க்கின்றன.

மாஸ்களுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. மழைக்காலத்தில் மதில்மேல் பச்சைப் பட்டு விரித்ததுபோல வளரும் மாஸின் இலைகளில் தேடினால் ஒரு துளையும் கிடைக்காது. அந்த இலைகள் பெரும்பாலும் ஒரே அடுக்குச் செல்லால் ஆனவை. அவற்றுக்குத் துளை தேவையும் இல்லை. அந்தப் பச்சையிலிருந்து மெல்லிய காம்பு எழுந்து, நுனியில் சிறு குடுவை போன்ற வித்துப்பை நிற்கும். அதன் அடிப்பகுதியின் தோலில்தான் இலைத்துளைகள் இருக்கின்றன. ஃபூனேரியாவின் வித்துப்பைத் தோலை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஏதோ தவறாக உரித்துவிட்டேன் என்றே நினைத்தேன். துளையைச் சுற்றி இரண்டு செல்கள் இல்லை, ஒன்றுதான் இருந்தது. உளுந்து வடையும் அதன் நடுத் துளையும் போல ஒரே வளையம். தாய் செல்லில் உட்கரு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நடுச்சுவரோ முழுதாக எழும்பாமல் நின்றுவிடுகிறது. ஆகவே ஒரே செல், இரண்டு உட்கரு, நடுவில் துளை. இரண்டு செல்கள் இணைவதுதான் காப்பு செல்லின் இலக்கணம் என்று எண்ணியிருப்பவர்கள் இதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்.

எல்லா மாஸ்களும் இப்படியில்லை. இரண்டு காப்பு செல்களை முறையாக உடையவை நிறைய உண்டு. சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்ஃபேக்னத்தின் வித்துப்பையில் காப்பு செல்கள் போலவே இணை இணையாகச் செல்கள் இருக்கும்; ஆனால் நடுவில் துளை திறந்து உள்ளே போவதில்லை. அவற்றைப் போலி இலைத்துளைகள் என்கிறோம். அவை காய்ந்து சுருங்கி, வித்துப்பை உலர உதவுகின்றன.

இந்த உலர்த்தும் வேலையைக் கவனியுங்கள். கொம்பு வடிவத் தாவரமான ஆந்தோசெராஸில் பச்சை ஊசி போல நிமிர்ந்து நிற்கும் வித்தகத் தாவரத்தில் இரண்டு காப்பு செல்கள் கொண்ட, பார்வைக்கு நம் செம்பருத்தி இலையில் இருப்பது போன்றே தோன்றும் துளைகள் உண்டு. ஆனால் அவை ஒரு முறை திறந்தால் பிறகு மூடுவதே இல்லை. திறந்த பின் காப்பு செல்கள் இறந்து அமுங்கிப் போகின்றன. உள்ளே செல்களுக்கு இடையே நிறைந்திருந்த திரவம் வற்றிக் காற்று புகுகிறது, திசு காய்கிறது, கொம்பு வெடித்து வித்துகள் சிதறுகின்றன. மாஸிலும் இதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஃபிஸ்கோமிட்ரியம் என்ற மாஸில் இலைத்துளையை உருவாக்கும் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. வித்துப்பையில் துளைகள் அறவே தோன்றவில்லை. வித்துப்பை வெடிப்பதும் தாமதமானது. ஒளிச்சேர்க்கைக்குக் காற்றை உள்ளே விடும் கதவு என்று நாம் படித்த உறுப்பு, இந்தத் தாவரங்களில் ஈரத்தை வெளியேற்றி வித்துகளைக் காயவைக்கும் ஜன்னலாக இருக்கிறது. காப்பு செல்களைப் பற்றி நான் படித்தவற்றிலேயே என்னை அதிகம் கவர்ந்தது இதுதான்.

ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றின் சிலிக்காவில் உறைந்த தாவரங்கள் பாறையாகக் கிடைத்திருக்கின்றன. ரைனியா, அக்லாஃபைட்டான் போன்ற அந்தத் தாவரங்களுக்கு இலைகளே இல்லை, வெறும் தண்டுதான். அந்தத் தண்டின் தோலில் இரண்டு காப்பு செல்களும் நடுத் துளையும் கொண்ட அமைப்பு அப்படியே காணப்படுகிறது. ஆக, இலை தோன்றுவதற்கு முன்பே இலைத்துளை தோன்றிவிட்டது. நம் கலைச்சொல்தான் இலையை முன்னே வைத்துவிட்டது.

இனி பெரணிகள். தொட்டியில் வளர்க்கும் நெஃப்ரோலெப்பிஸ் பெரணியின் இலையடியை உரித்தால் உடனே கண்ணில் படும் வேறுபாடு ஒன்று உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தோலை உரித்தால் காப்பு செல்கள் மட்டும் பச்சையாகத் தெரியும், சுற்றியுள்ள செல்கள் கண்ணாடி போல இருக்கும். பெரணியில் சுற்றியுள்ள செல்களிலும் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. ஜிக்சா துண்டுகள் போல நெளிந்த ஓரம் கொண்ட அந்தச் செல்களின் நடுவே, பசுங்கணிகங்கள் நிறைந்த பருத்த காப்பு செல்கள் பதிந்திருக்கும். சிறுநீரக வடிவம்தான், தேர்வில் படம் மட்டும் கேட்டால் இருவிதையிலைத் தாவரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். அனீமியா என்ற பெரணிப் பேரினத்தில் மட்டும் ஒரு விந்தை உண்டு: இரண்டு காப்பு செல்களும் ஒரே புறத்தோல் செல்லின் நடுவே, குளத்து நடுவில் நீராழி மண்டபம் போல, எந்தப் பக்கச்சுவரையும் தொடாமல் நிற்கும்.

இயக்கத்தில்தான் பெரணி வேறு ஜாதி. பூக்கும் தாவரத்தின் காப்பு செல் திறக்கும்போது பக்கவாட்டில் அண்டை செல்லுக்குள் புடைத்துச் செல்கிறது. ஆகவே அண்டை செல்லின் அழுத்தம் அதற்குப் பெரிய தடை. எந்த அளவுக்கு என்றால், காப்பு செல்லிலும் அண்டை செல்லிலும் அழுத்தத்தை ஒரே அளவு கூட்டினால் அண்டை செல்லே வெல்லும், துளை சுருங்கும். ஒரு செடியின் இலையைச் சட்டென்று கிள்ளினால், சில நிமிடங்களுக்கு அதன் துளைகள் மூடுவதற்கு பதில் இன்னும் விரிவதும் இதனால்தான். நீர் வரத்து நின்றதும் அண்டை செல்கள் முதலில் தளர்கின்றன, தடை விலகுகிறது, காப்பு செல்கள் வெளியே புடைக்கின்றன. அதன் பிறகே மூடுகின்றன. பெரணியிலும், அதற்கு முந்திய லைக்கோபோடியக் கூட்டத்திலும் (லைக்கோஃபைட்டுகள்) காப்பு செல்கள் பக்கவாட்டில் அவ்வளவாக நகர்வதில்லை. மேலும் கீழுமாக உப்பி, அதனால் உண்டாகும் வடிவ மாற்றத்தில் துளையைத் திறக்கின்றன. அண்டை செல்லோடு மல்லுக்கட்டு குறைவு. அதனால் அந்த "தவறான திசை" விரிதலும் அவற்றில் காணப்படுவதில்லை. இலையில் நீர் குறைந்தால் காப்பு செல்லும் கூடவே தளர்ந்து மூடிவிடுகிறது.

இதை வைத்து 2011-இல் பிராட்ரிப், மெக்ஆடம் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வறட்சி வந்தால் பூக்கும் தாவரங்கள் அப்சிசிக் அமிலத்தைச் சுரந்து, காப்பு செல்லிலிருந்து அயனிகளை வெளியேற்றித் துளையை மூடுகின்றன. பெரணிகளும் லைக்கோஃபைட்டுகளும் இந்த ஹார்மோனின் கட்டளைக்காகக் காத்திருப்பதில்லை, நீர் இழப்பால் தாமாகவே மூடுகின்றன என்பது அவர்கள் வாதம். செலாஜினெல்லா என்ற லைக்கோஃபைட்டிலும் சில பெரணிகளிலும் அப்சிசிக் அமிலத்துக்குக் காப்பு செல் பணிகிறது என்று வேறு குழுக்கள் மறுத்திருக்கின்றன. விவாதம் ஓயவில்லை. என் சாய்வைச் சொல்கிறேன்: ஹார்மோனின் கருவிகள் பெரணியில் இருக்கின்றன, ஆனால் காப்பு செல்லின் கடிவாளம் முழுமையாக அதன் கைக்கு வந்து சேரவில்லை. செரட்டாப்டெரிஸ் என்ற நீர்ப் பெரணியில் 2016-இல் கண்டறிந்தது இதற்குத் துணை நிற்கிறது. பூக்கும் தாவரத்தில் துளை மூட உதவும் ஒரு புரதத்தின் ஒப்புமை மரபணு, அந்தப் பெரணியில் கேமீட்டகத் தாவரம் ஆணா இருபாலா என்று தீர்மானிப்பதிலும் வித்துகளின் உறக்கத்திலும் பங்கெடுக்கிறது. துளை மூடுவதில் அதன் கை தெரியவில்லை.

ஒளியைப் பொறுத்தும் பெரணி தனி. பூக்கும் தாவரத்தின் காப்பு செல்கள் விடியலின் நீல ஒளியை உணர்ந்து புரோட்டான் பம்பை முடுக்குகின்றன. நாம் வழக்கமாகப் பெரணி என்று சொல்லும் பெருங்கூட்டத்தில் இந்த நீல ஒளித் துலங்கல் இல்லை. காப்பு செல்லின் பசுங்கணிகங்கள் செய்யும் ஒளிச்சேர்க்கையை நம்பியே துளை திறக்கிறது. அப்படியானால் பெரணிக்கு முந்திய கூட்டங்களில் இது தோன்றவே இல்லையா என்றால், அதுவும் இல்லை. லைக்கோஃபைட்டுகளிலும் குதிரைவாலிலும் (ஈக்விசிட்டம்), பைன், சைகஸ் போன்ற ஜிம்னோஸ்பெர்ம்களிலும் நீல ஒளித் துலங்கல் இருக்கிறது. பெரணிகள் நடுவழியில் அதை இழந்திருக்க வேண்டும். தாவர வகைப்பாட்டை ஏணிப்படியாக எண்ணி, ஒவ்வொரு படியிலும் காப்பு செல் மேம்பட்டுக்கொண்டே வந்தது என்று எழுதும் விடைகளுக்கு நான் முழு மதிப்பெண் தராதது இதனால்தான்.

அடுத்து மூன்று ஊசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீலகிரி ஓடைக்கரைகளில் வளரும் குதிரைவால், கொடைக்கானல் பைன் மரத்தின் ஊசியிலை, கடற்கரைச் சவுக்கின் பச்சைக் குச்சி. பிடித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே மெலிந்து நீண்டவை. சவுக்கின் அறிவியல் பெயரான கேசுவரைனா ஈக்விசிட்டிஃபோலியாவிலேயே குதிரைவாலின் பெயர் இருக்கிறது.

குதிரைவாலின் தண்டில் பள்ளங்களை ஒட்டித் துளைகள் வரிசையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் காப்பு செல் தெரியாது. துணை செல்கள், அதாவது காப்பு செல்லை ஒட்டி மற்றத் தோல் செல்களிலிருந்து மாறுபட்டு நிற்கும் அண்டை செல்கள், இரண்டும் அதன்மேல் முழுதாகக் கவிந்திருக்கும். அவற்றின் உட்சுவரில் சிலிக்காவாலான தடிப்புகள் ஆரக்கால்கள் போல ஓடும். நான்கு செல்களும் ஒரே தாய் செல்லின் வழித்தோன்றல்கள். வேறெந்தக் கூட்டத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாத அமைப்பு இது.

பைனில் காப்பு செல்கள் தோல் மட்டத்துக்குக் கீழே குழியில் அமர்ந்திருக்கும். துணை செல்கள் மேலே வளைந்து வாசல் மாடம் போல ஒரு சிறு அறையை உண்டாக்கும். அந்த அறைக்குள் மெழுகு நிறைந்திருப்பதால்தான் ஊசியிலையில் நீளவாட்டில் வெண்புள்ளிக் கோடுகள் தெரிகின்றன. மெழுகு நீராவி இழப்பைக் குறைக்கிறது. ஊசியிலையைக் குறுக்கே சீவி சாஃப்ரனின் சாயம் ஏற்றினால் காப்பு செல் சுவரின் ஒரு பகுதி சிவக்கும், ஏனென்றால் அங்கே மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் படிந்திருக்கிறது. ஜிம்னோஸ்பெர்ம்களின் காப்பு செல்களுக்கு இது நல்ல அடையாளம், சைகஸிலும் பார்க்கலாம்.

சவுக்கு பைன் இனம் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. அது பூக்கும் தாவரம், இருவிதையிலை. பச்சைக் குச்சியில் ஓடும் நீளப் பள்ளங்களுக்குள், மயிர்களின் மறைவில், துளைகள் தண்டுக்குக் குறுக்குவாட்டில் கிடக்கும். பைன் குழி தோண்டியும் மெழுகு அடைத்தும் பெறும் பாதுகாப்பைச் சவுக்கு பள்ளமும் மயிரும் கொண்டு பெறுகிறது. அரளி இலையடியில் உள்ள மயிர் நிறைந்த குழிகளும் இதே கதைதான். ஆகவே "குழிந்த இலைத்துளை" என்பதைக் கண்டதும் ஜிம்னோஸ்பெர்ம் என்று முடிவு கட்டக்கூடாது. அது வறட்சியின் முத்திரை.

ஜிம்னோஸ்பெர்ம்களில் இன்னொன்று, சுருக்கமாக. 1931-இல் ஸ்வீடன் நாட்டு ரூடால்ஃப் ஃப்ளோரின், துணை செல்கள் காப்பு செல்லின் உடன்பிறப்புகளா, அல்லது அண்டை வீட்டாரா என்று பார்த்து இலைத்துளைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சைகஸ் இலையும், அழிந்துபோன பென்னெட்டிடேல்ஸ் கூட்டத்தின் இலையும் வெறும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். சைகஸில் துணை செல்கள் அண்டை வீட்டார், பென்னெட்டிடேல்ஸில் உடன்பிறப்புகள். புதைபடிவ இலையின் மெல்லிய தோல் கிடைத்தால் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடலாம். ராஜ்மகால் குன்றுகளிலும், நம் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளிலும் கிடைக்கும் டைலோஃபில்லம் இலைகள் இந்த பென்னெட்டிடேல்ஸைச் சேர்ந்தவை.

பூக்கும் தாவரங்களில் இருவிதையிலைக் கூட்டத்தின் காப்பு செல்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வடிவம். எனவே வகைப்பாட்டாளர்கள் அண்டை செல்களை எண்ணத் தொடங்கினார்கள். கடுகில் மூன்று துணை செல்கள், அவற்றில் ஒன்று சிறியது. இட்லிப்பூவின் குடும்பத்தில் துளைக்கு இணையாகப் பக்கத்துக்கு ஒன்று. ஆடாதோடையிலும் துளசியிலும் துளைக்குக் குறுக்கே இரண்டு. மூலிகைச் சோதனைக்கூடத்தில் பொடியாக வந்த சரக்கில் ஆடாதோடை இருக்கிறதா, நிலாவாரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது இன்றும் கைகொடுக்கிறது. நிலாவாரையில் துணை செல்கள் இணையாக நிற்கும்.

புற்களிடம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நெல், மக்காச்சோளம், அருகம்புல் எதை உரித்தாலும் துளைகள் நாற்று நட்டதுபோல வரிசையாக இருக்கும். ஒவ்வொரு காப்பு செல்லையும் டம்பெல் என்கிறோம். எனக்கு அது உடுக்கையாகத்தான் தெரிகிறது. இரண்டு உடுக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் எப்படியோ, அப்படி. முனைகள் குமிழ் போலப் பருத்து மெல்லிய சுவரோடு இருக்கும். நடுப்பகுதி ஒடுங்கி, சுவர் தடித்து, கம்பி போல விறைப்பாக இருக்கும். உட்கருகூட அந்த ஒடுக்கத்தில் இழுபட்டு நீண்டு, தானும் ஓர் உடுக்கையாகக் கிடக்கும். இங்கே செல் வளைவதில்லை. முனைக் குமிழ்கள் இரண்டும் உப்பி ஒன்றையொன்று தள்ள, நடுக் கம்பிகள் நேராகவே இருந்தபடி விலகுகின்றன. நீண்ட ஒடுங்கிய பிளவு என்பதால் ஒரு நூலிழை விலகினாலும் திறக்கும் பரப்பு அதிகம். செலவழிக்கும் உப்பும் நீரும் குறைவு.

ஆனால் புல்லின் சிறப்பை உடுக்கை வடிவத்தோடு முடித்துவிட்டால் முக்கியமானதை விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணை செல் இருக்கிறது. துளை திறக்கும்போது பொட்டாசியமும் குளோரைடும் துணை செல்லிலிருந்து காப்பு செல்லுக்குப் போகின்றன. மூடும்போது திரும்பி வருகின்றன. மக்காச்சோளத்தில் இந்தப் போக்குவரத்தை 1971-இலேயே காட்டிவிட்டார்கள். காப்பு செல் விறைக்கும் அதே நேரத்தில் துணை செல் தளர்ந்து இடம் கொடுக்கிறது. வேறு தாவரங்களில் எதிர்த்துத் தள்ளும் அண்டை செல், புல்லில் ஊஞ்சலின் மறுமுனையாகிவிட்டது. பெரணி பல பத்து நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தில் புல் சில நிமிடங்களில் திறந்து மூடுவதற்கு இதுவே காரணம். 2017-இல் பிராக்கிபோடியம் என்ற புல்லில் துணை செல்களே தோன்றாத ஒரு மரபுத் திரிபைக் கண்டுபிடித்தார்கள். ஒரு புரதம் காப்பு செல்லின் தாய் செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு நகர்ந்து போய், "நீ துணை செல்லாக மாறு" என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால் துணை செல் இல்லை. துணை செல்களை இழந்த அந்தப் புல்லின் துளைகள் மந்தமாக இயங்கின, முழுதாகத் திறக்கவும் இயலவில்லை.

மற்ற ஒருவிதையிலைகள் பலவிதம். செய்முறை வகுப்புகளில் ஊதா நிறத்துக்காகவே உரிக்கப்படும் ரியோ செடியில் அவரை விதை வடிவக் காப்பு செல்களைச் சுற்றி நான்கு துணை செல்கள். வெங்காயத்தில் துணை செல்லே கிடையாது. அதன் காப்பு செல்களில் மாவுச்சத்தும் சேர்வதில்லை. "பகலில் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, இரவில் சர்க்கரை மாவுச்சத்தாகிறது" என்ற பழைய விளக்கம் எல்லாச் செடிக்கும் பொருந்தாது என்பதற்கு அந்த வெங்காயத்தாள் ஒன்றே போதும். பேஃபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் பேரினத்தின் காப்பு செல்களில் பச்சையமே இல்லை என்று 1975-இல் கண்டார்கள். ஆனாலும் துளைகள் திறந்து மூடுகின்றன. அந்தப் பேரினத்தின் ஓர் இனம் அகத்தியமலைப் பகுதிக்கே உரியது.

நீருக்குத் திரும்பியவை தனி. தாமரை இலையில் துளைகள் மேற்பரப்பில் மட்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியாக்கள் (கடற்பசுக்கள்) மேயும் கடற்புற்களில் துளைகளே இல்லை. அவற்றின் உறவான ஜோஸ்டெரா மரைனாவின் மரபணுத்தொகுதி 2016-இல் படித்து முடிக்கப்பட்டபோது, காப்பு செல்லை உருவாக்கும் மரபணுக்களே அதில் தொலைந்துபோயிருந்தன.

படம் வரைந்து விளக்கும் கேள்விக்கு இதையெல்லாம் எப்படிச் சுருக்குவது என்று நினைப்பீர்கள். ஒரு தொட்டிப் பெரணி, ஒரு ரியோ இலை, ஒரு நெல்லிலை எடுத்துக்கொள்ளுங்கள். இலையடியில் நிறமற்ற நெயில் பாலிஷ் மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் செலோடேப்பால் ஒற்றி எடுத்து ஸ்லைடில் ஒட்டுங்கள். பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். நெல்லில் சொரசொரப்பால் பதிவு கிழியலாம். இரண்டு மூன்று முறை முயல வேண்டும். பைனில் இந்த வழியில் முயன்றால் மேலே கவிந்த துணை செல்களின் வளையம்தான் பதியும்; காப்பு செல் கிடைக்காது, அதற்குக் குறுக்கே சீவித்தான் பார்க்க வேண்டும். வரையும்போது துளையிலிருந்து தொடங்க வேண்டாம். சுற்றியுள்ள செல்களை எண்ணி, அவற்றின் ஓரம் நெளிந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று பார்த்து முதலில் வரையுங்கள். காப்பு செல்களைக் கடைசியில் அவற்றின் நடுவே வையுங்கள்.